கணவாய்க்குக் கணவாய்

கடல் உப்பும் மலை மிளகும் ஒரே மாட்டின் முதுகில் ஏறி இறங்கிய காலம் அது. நெய்தலூர் ராஜா கடலாதன், மகள் கல்யாணத்துக்காகப் பனிக்கோட்டு நாட்டுக்குப் புறப்பட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை முன்னமே அழைத்துப் போய்விட்டார்கள். தாரை வார்த்துக் கொடுக்க அப்பா போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. நடுவில் மூன்று மலைநாடுகள். பொதிமாடுகள் போகிற பழைய மிளகுப் பாதையை விட்டால் வேறு வழி கிடையாது.

சேனாபதி வயவன் ஈட்டிக்காரர்களோடு கூடப் போனான். கொற்றியும் போனாள். பரதவர் குடியில் பிறந்து, வாய்ச் சாமர்த்தியத்தாலேயே சபைக்குள் இடம் பிடித்தவள் அவள். சிரிப்பு வேண்டும்போதும் சரி, சிக்கல் வந்தாலும் சரி, ராஜா தேடுவது கொற்றியைத்தான்.

முதல் நாடு இஞ்சிமலை. அங்கே வந்தவருக்கு வேர்த்துக் கொட்டும்வரை இஞ்சிக் கஷாயம் கொடுப்பார்கள். வேர்க்காதவன் விருந்தாளியே இல்லை என்பது அவர்கள் கணக்கு. ராஜாவுக்கு வேர்த்த வேர்வையில் கிரீடம் வழுக்கி மூக்கில் வந்து நின்றது. ஊரே கைதட்டியது.

அடுத்தது தேனடுக்கம். அங்கே ஒரு மலைக்காரர் எதிர்மலைக்காரரோடு சீழ்க்கை அடித்தே பேசிக்கொள்வார். ராஜாவுக்கு ஆசை தாங்கவில்லை. கன்னம் உப்ப ஒரு சீழ்க்கை அடித்தார். அது அவர்கள் பாஷையில் ‘என் ஆட்டைக் காணோம்’ என்று ஆகிவிட்டதாம். எதிர்மலை முழுக்க ஜனங்கள் புதர் புதராக ஆடு தேடினார்கள். கடைசியில் பாவம் பார்த்து ஒரு ஆட்டைக் கொண்டுவந்தே கொடுத்துவிட்டார்கள். சிரித்துச் சிரித்துக் கொற்றிக்கு விலா வலித்தது.

அந்தச் சிரிப்பு மூன்றாவது நாடான முகில்வாயில் நின்றுபோனது. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரே ஒரு கணவாய். அதன் குறுக்கே பெரிய மரக்கதவு. கதவுக்கு முன்னால் முகில்வாய்த் தலைவர் குன்றவேள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு மலைநாடுகள் எல்லாவற்றுக்கும் அழைப்புப் போயிருந்தது. முகில்வாயை மட்டும் விட்டுவிட்டார்கள். அழைப்புச் சொல்ல ஆள் அனுப்பும் பொறுப்பு வயவனுடையது. அவன் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ராஜா தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். குன்றவேள் இளகவில்லை.

“வழி வேண்டும்போதுதான் எங்கள் நினைப்பு வருமோ? சரி, போங்கள். ஆனால் சும்மா இல்லை. கணவாய்க்குக் கணவாய். நீங்கள் எனக்கு ஒரு கணவாய் கொடுங்கள், நான் என் கணவாயைத் திறக்கிறேன்” என்றார்.

கடலோர ராஜா கணவாய்க்கு எங்கே போவார்? அவர் நாட்டில் மணல்மேட்டை விட உயரமானது பனைமரம்தான். கதவை உடைத்துவிடலாம் என்று வயவன் ராஜாவின் காதில் முணுமுணுத்தான். மணவறையில் அப்பாவைத் தேடும் மகளின் முகம்தான் ராஜாவின் கண்ணில் நின்றது. அது கொற்றிக்குப் புரிந்தது. இங்கே ஒரு ஈட்டி பாய்ந்தாலும் அந்தக் கல்யாணம் கல்யாணமாக இருக்காது என்பதும் புரிந்தது.

அவள் முன்னால் வந்து கும்பிட்டாள்.

“ஐயா, கணவாய் தருகிறோம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒரு அடுப்பும் கைப்பிடி பச்சை மிளகும் தேவைப்படும்.”

பயத்தில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வயவன் நினைத்தான். கொற்றி நேராகப் பொதிமாட்டிடம் போனாள். கருவாடு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அதனால் தன் பொதியில் பாதியை அதற்கே ஒதுக்கியிருந்தாள். ஒரு மூட்டையை அவிழ்த்து, வெந்நீரில் ஊறவைத்து, அலசி, நறுக்கி, பச்சை மிளகைத் தட்டிப்போட்டு வதக்கினாள். கமகமவென்று வாசனை கிளம்பியது. காவல்காரர்கள் கதவை விட்டு அடுப்பைக் காவல் காத்தார்கள்.

கறியை இலையில் வைத்துக் குன்றவேள் முன்னால் நீட்டினாள். அவர் சந்தேகத்தோடு ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று போட்டார். கட்டியிருந்த கை இரண்டும் எப்போதோ அவிழ்ந்துவிட்டன.

இலை காலியானதும் இது என்ன என்று கேட்டார். நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், உங்கள் ஆளையே கேளுங்கள் என்றாள் கொற்றி. வருஷா வருஷம் கடற்கரைக்குப் போய்வரும் முகில்வாய் உப்பு வியாபாரி ஒருவர் கூட்டத்தில் நின்றிருந்தார். அவர் மூட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கணவாய்ங்க. கடலில் கிடைக்கிற மீனுங்க. அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குன்றவேளுக்கும் உதடு துடித்தது. ஆனாலும் அவர் லேசில் விடுகிற ஆளா?

“பேர் ஒன்றானால் போதுமா, அம்மா? என் கணவாய்க்குள் ஆயிரம் பேர் போவார்கள். உன் கணவாய்க்குள் ஒரு ஆள் போக முடியுமா?”

கொற்றி காலியான இலையைப் பார்த்தாள்.

“முடியாதுதான் ஐயா. உங்கள் கணவாய்க்குள் ஆள் போவார். எங்கள் கணவாய் ஆளுக்குள் போகும். இப்போது போன கணவாயைத் திருப்பித் தந்துவிட்டால், நாங்களும் திரும்பிப் போய்விடுகிறோம்.”

குன்றவேள் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. கதவைத் திறக்கச் சொன்னார். ராஜா அங்கேயே தம் முத்துமாலையைக் கழற்றிக் கொற்றிக்குப் போட்டார். பிறகு குன்றவேளின் இரண்டு கைகளையும் பிடித்துக் கல்யாணத்துக்கு அழைத்தார். அவரும் உடனே கிளம்பிவிட்டார். குதிரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கணவாய் மூட்டை ஏற்றிய பொதிமாட்டுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார்.