முடிச்சுக்கு விலை இல்லையாம்

அன்று இத்தோவின் முற்றத்தில் இருந்தவர்கள் நால்வர்: கம்பளி இழைகளை முடிச்சு முடிச்சாகக் கட்டிக் கம்பளம் நெய்த இத்தோ, அவளிடம் வேலைபார்த்த யாமினா, மொராக்கோவின் அந்த மலை வட்டாரத்தை ஆண்ட தலைவர் புஜ்மா, அவருடைய கணக்கர் லஹ்சன். இரவில் வரவிருந்த அரசத் தூதருக்குப் பரிசளிக்கத் தலைவருக்குக் கம்பளம் வேண்டும். குளிர்காலத் தானியம் வாங்க இத்தோவுக்கு அதன் விலை வேண்டும்.

தலைவர் கம்பளத்தைத் தராசில் ஏற்றினார்.

"கம்பளியின் எடைக்குக் காசு தருகிறேன். முடிச்சுப் போட்டதற்கெல்லாம் விலையா? விரல்கள் சும்மாதானே கிடக்கின்றன!"

யாமினா பணிவாகக் குனிந்தாள்.

"நியாயம், ஐயா. கம்பளி உங்களுடையது. நீங்கள் விலை கொடுக்காத முடிச்சுகளை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்."

கம்பளத்தின் ஓரத்தில் அமர்ந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினாள். தலைவர் சிரித்தார், தேநீர் குடித்தார். இரண்டாம் கோப்பையும் ஆறிற்று. விரலகலம்கூட அவிழவில்லை.

"எப்போதடி முடிப்பாய்?"

"கட்டுவதற்குப் போன குளிர்காலம் முழுவதும் ஆயிற்று, ஐயா. அவிழ்ப்பது எளிது. தூதரை அடுத்த மாதம் வரச்சொல்லுங்கள்."

லஹ்சன் இருமிச் சிரிப்பை மறைத்தார்.

"நிறுத்து!" என்றார் தலைவர். "கேட்ட விலையைத் தருகிறேன்."

"அவிழ்த்ததைக் கட்டித்தானே தரவேண்டும்? உட்காருங்கள், ஐயா."

உட்கார்ந்தவர், வேறு வழியின்றி அவள் விரல்களையே பார்த்தார். ஊசியால் இழையைச் சுற்றுவாள், இழுத்து இறுக்குவாள், நறுக்குவாள், மறுபடியும் சுற்றுவாள். வெயில் சுவரேறி மறையும் நேரத்தில்தான் அந்த ஓரம் நிறைந்தது.

தலைவர் பணப்பையை அவிழ்த்து, முழு விலையையும் இத்தோவின் கையில் வைத்தார். இன்னொரு வெள்ளி நாணயத்தை ஊசியருகே வைத்தார். பிறகு கம்பளத்தைத் தாமே தோளில் சுமந்துகொண்டு வெளியேறினார்.