ஒற்றை அரிசியின் படம்

குருவுக்கு முப்பத்தொரு வயது, சீடருக்கு நாற்பத்தேழு. வித்தை என்ன, வயதைக் கேட்டுக்கொண்டா வந்து உட்காருகிறது?

கோவில்பட்டியில் இசக்கியம்மாள் நடத்திய ஸ்டுடியோவில் பொன்னுத்துரை சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நூற்பாலையில் இருபத்திரண்டு வருடமாக ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர். ஃபோனில் பார்த்துப் பார்த்துப் படமெடுக்கப் பழகி, கைக்கு அடக்கமான மிரர்லெஸ் கேமரா ஒன்றும் வாங்கிவிட்டார்.

அன்றைக்கு அந்தக் கேமராவை மேசையில் வைத்தார்.

"டீச்சரம்மா, நல்ல லென்ஸா ஒண்ணு சொல்லுங்க."

"இதுக்கு என்ன கேடு?"

"இதாலதான மானம் போச்சு."

"அந்தப் படத்தைக் காட்டுங்க."

போன ஆவணியில், ஸ்டுடியோவின் பழைய வாடிக்கையாளர் நல்லபெருமாளின் மூத்த மகள் கல்யாணத்தில் எடுத்தது. தாலி ஏறுகிற நேரம், பறந்து வந்த அட்சதையைக் கேமராவின் ஆட்டோ ஃபோகஸ் தானாகப் பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு அரிசி, மேலே ஒட்டிய மஞ்சள் துகள் முதற்கொண்டு, துல்லியமாக விழுந்திருந்தது. தாலி, மாப்பிள்ளையின் விரல், பெண்ணின் கழுத்து எல்லாம் வெறும் புகை.

"அரிசியை நல்லா எடுத்திருக்கீங்க அண்ணாச்சி. எந்த வயல்ல வெளஞ்சதுன்னே சொல்லிரலாம்."

பொன்னுத்துரைக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை நல்லபெருமாளின் இளைய மகளுக்குக் கல்யாணம். நேற்று அவர் ஸ்டுடியோவுக்கு வந்து, "மூத்தவ கல்யாணத்துக்குச் சாட்சி ஒரு அரிசி. இதுக்காவது வேற ஆளை அனுப்பு தாயி" என்றிருந்தார். "அவர்தான் எடுப்பாரு. தவறிச்சுன்னா நான் கடையைப் பூட்டிருதேன்" என்றிருந்தாள் இசக்கி. அதைக் காதால் கேட்டதிலிருந்து பொன்னுத்துரைக்குப் பகல் தூக்கமும் போயிற்று.

"அரிசியை முந்துற வேகத்துல ஒரு லென்ஸ் இருக்காம்" என்றார்.

"தாலியை எங்க கட்டுவாங்க?"

"கழுத்துலதான்."

"உங்களுக்குத் தெரியுது. கேமராவுக்கு?"

இசக்கி அலமாரியிலிருந்து ஒரு பழைய லென்ஸை எடுத்து அவர் கேமராவில் மாட்டினாள். ஜூம் கிடையாது. ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. கையால் திருப்புகிற வளையம் மட்டும்தான்.

"இதுல எது தெளிவா விழுதோ அதோட ஓரம் திரையில செவப்பா மின்னும். வேற ஒண்ணும் சொல்லாது."

பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் போட்டுக்கொள்ளும் கோட்டு ஒன்று நாற்காலியில் தொங்கியது. அதன் காலரைச் சுற்றி மஞ்சள் கயிற்றைக் கட்டினாள்.

"மாப்பிள்ளைக்கா தாலி?" என்றார் பொன்னுத்துரை.

"வாயை மூடிட்டுக் கயித்தைப் பாருங்க."

அவர் வளையத்தைத் திருப்பினார். கயிற்றில் சிவப்பு மின்னியது. உடனே ஒரு பிடி அரிசியை விசிறினாள். அவர் விரல் தானாக வளையத்தைத் திருகியது. கயிறு புகையாயிற்று.

"விரல் ஏன் போச்சு?"

"அரிசி வந்துச்சே."

"வரும். கல்யாணம்லா."

மறுபடி விசிறினாள். மூன்று நாளில் நான்கு படி அரிசி போயிற்று. கடைசி நாள் அவள் நாற்காலியை முன்னால் இழுத்தாள். அவர் விரல் வளையத்துக்குப் போனது.

"வளையத்தை விடுங்க. உங்களுக்குக் கால் இருக்கு."

அவர் ஒரு எட்டு பின்னால் வைத்ததும் கயிற்றில் சிவப்பு மறுபடி மின்னியது.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. பொன்னுத்துரை மணமேடையில் நின்று, பெண்ணின் கழுத்து அட்டிகையில் சிவப்பை வரவழைத்தார். ஐயர் கையைத் தூக்கினார். கெட்டிமேளம் கொட்டியது.

மாப்பிள்ளை தாலியைக் கொண்டுபோனதும் பெண் கூச்சத்தில் முன்னால் குனிந்துவிட்டாள். சிவப்பு அணைந்தது. அரிசி மழையாகக் கொட்டியது. அவர் விரல் துடித்தது, ஆனால் திருப்பவில்லை. அரையடி பின்னால் போனார். யாரோ ஒரு மதினியின் காலை மிதித்து, "கண்ணு முதுகுலயா இருக்கு?" என்று திட்டும் வாங்கினார். தாலிக் கயிற்றில் சிவப்பு மின்னியது. அழுத்தினார்.

நல்லபெருமாள் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முதல் முடிச்சு, இழை இழையாகத் தெரிந்தது. அரிசியெல்லாம் சுற்றிலும் மஞ்சளாகக் கரைந்து கிடந்தது.

"சாப்பிட்டுத்தான் போகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னுத்துரை மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இசக்கியிடம் வந்தார்.

"இப்பவாவது சொல்லுங்க டீச்சரம்மா. அடுத்து எந்த லென்ஸ்?"

"இதுவரைக்கும் எத்தனை கல்யாணம் எடுத்திருக்கீங்க?"

"இதோட பதினாறு."

"ஒண்ணுலயாவது அட்சதை போட்டீங்களா?"

பொன்னுத்துரை யோசித்துப் பார்த்தார். பதினாறிலும் அவர் கையில் கேமராதான் இருந்தது.

அவள் மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளே ஒரு பிடி மஞ்சள் அரிசி, வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. கேமராவை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அரிசியை அவர் கையில் கொட்டினாள்.

"போட்டுட்டு வாங்க அண்ணாச்சி. பொண்ணு இன்னும் மணையிலதான் இருக்கா."