ஏழு வீட்டுத் தண்ணீர்

குருவுக்கு வயது இருபத்தாறு. பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவள். சீடருக்கு இருபத்தெட்டு. சமூகப்பணியில் முதுகலை.

ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே காசநோய் வந்தவர்கள் தினமும் மாத்திரை விழுங்குவதைக் கூட இருந்து பார்ப்பது தவமணியின் வேலை. அவளிடம் வேலை கற்றுக்கொள்ளப் பர்வீன் வந்தாள். இனி இவள்தான் உனக்குக் குரு என்று மேலதிகாரி விளையாட்டாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பர்வீனுக்கு அது பிடிக்கவில்லை. தவமணி அவளை ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டாள்.

மூன்றாம் மாடியில் எட்டு வீடுகள். நோயாளி கடைசி வீட்டு ரெஜினா. துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவள். இரண்டாவது வீட்டுத் தேவகிக்கும் அதே கம்பெனிதான். விஷயம் வெளியே தெரிந்தால் ரெஜினாவுக்கு வேலை போய்விடும்.

தவமணி நேராக ரெஜினா வீட்டுக்குப் போகமாட்டாள். முதல் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். அடுத்த வீட்டில் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்பாள். அதற்கடுத்த வீட்டில் லிப்ட் ஓடாததைப் பற்றி இரண்டு பேருமாகப் புலம்புவார்கள். இப்படியே ஏழு வாசல். எட்டாவதிலும் தண்ணீர் கேட்பாள். உள்ளே அந்தத் தண்ணீரில் ரெஜினா மாத்திரையை விழுங்குவாள்.

ஒரு வேளை மாத்திரைக்கு ஒரு மணி நேரமா என்று பர்வீன் தினமும் சண்டை போட்டாள். இன்னும் ஐந்து நோயாளிகளைப் பார்த்திருக்கலாமே.

“நோயாளி ஒரு வீட்ல. மத்த ஏழு வீட்ல உங்களுக்கு என்ன வேலை?”

“தாகம் மேடம்.”

தங்கையின் வளைகாப்புக்காகத் தவமணி ஊருக்குப் போனாள். பர்வீன் தனியாக வந்தாள். நேராக எட்டாவது வீடு. மிச்சமான நேரம் முழுவதையும் ரெஜினாவுக்கே கொடுத்தாள். அவித்த முட்டையும் வேர்க்கடலையும் கொண்டுபோனாள். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, பேசவிட்டுக் கேட்டாள். மூன்றாம் நாள் ரெஜினா அழுதாள். அழுத பிறகு முகம் தெளிந்தது. ஆதரவு என்றால் இதுதானே என்று நினைத்தபடி பர்வீன் படி இறங்கினாள்.

நான்காம் நாள் கதவு திறக்கவில்லை. உள்ளே இருமல் மட்டும் கேட்டது.

தேவகி தன் பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அவளுக்கு என்னம்மா? பையத் தூக்கிக்கிட்டு தெனம் அவ வீட்டுக்கே வர்றியே.”

ஐந்தாம் நாளும் திறக்கவில்லை. நடுவில் விட்டால் இந்த நோய் மருந்துக்கு அடங்காமல் திரும்பி வரும்.

தவமணி வந்ததும் பர்வீன் கொட்டித் தீர்த்தாள். தான் செய்ததில் எது தப்பு? தப்பு அந்த ஏழு வீட்டின் மேல்தானே? இத்தனை வாரம் மருந்து சாப்பிட்டவளிடமிருந்து நோய் ஒட்டாது என்று அவர்களுக்குத் தெரியாதது ரெஜினாவின் குற்றமா? தான் உட்கார்ந்ததால்தான் அவள் அழ முடிந்தது. அப்படி உட்கார்ந்ததாலேயே கதவு எப்படி மூடும்? அவளுக்கு எதுவுமே புரியவில்லை.

தவமணி கேட்டது ஒன்றுதான். “எவ்வளவு நேரம் உக்காந்தீங்க?”

“ஒரு மணி நேரம்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கே தவமணி பர்வீனோடு வந்தாள். கூடை நிறைய அவித்த முட்டை, வேர்க்கடலை. முதல் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். இரண்டாவதில் ஒரு மணி நேரம்.

“என்னா, எங்களுக்குமா?” என்றாள் தேவகி.

“இவங்க புது மேடம். கடைசி வீட்லேர்ந்து ஆரம்பிச்சுட்டாங்க.”

தேவகி பர்வீனை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தாள். முட்டையை உரித்துப் பிள்ளைக்குப் பாதி கொடுத்தாள். தன் மாமியாரின் கதையை ஆரம்பித்தாள்.

ஏழு வீடும் முடியப் பிற்பகல் ஆகிவிட்டது. எட்டாவது கதவைத் தவமணி தட்டவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு படிப்பக்கம் திரும்பினாள். பர்வீன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

பின்னால் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

“எல்லார் வீட்லயும் உக்காந்தீங்க,” என்றாள் ரெஜினா, மாடி முழுக்கக் கேட்கும்படி. “என் வீடு மட்டும் கண்ணுக்குத் தெரியலையா?”

“தண்ணி குடுப்பியா?”

ரெஜினா உள்ளே போய்ச் சொம்பை எடுத்தாள்.

இறங்கும்போதும் பர்வீன் விடவில்லை. தேவகியிடம் தவமணி சொன்னது பொய். மறைத்துக்கொண்டே இருந்தால் இவர்கள் எப்போது மாறுவார்கள்?

“நாளைக்கே இந்த மாடியில ஒரு கூட்டம் போட்டு, இது ஒட்டாதுன்னு சொல்லணும்.”

தவமணி நின்றாள்.

“போடலாம் மேடம். யார் வீட்டு வாசல்ல?”