தலையில் துண்டு போட்டால் தெரியும் நட்சத்திரம்

ஊராட்சித் தேர்தலில் ஜெயித்தவர் தெய்வானை. நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர் புருஷன் ராசகண்ணு. ஊரும் அவரைத்தான் தலைவர் என்றது.

தையல்காரி செவந்தி வீட்டுக் கொல்லைக்கு நேரே ராசகண்ணு பெரிய விளக்கு ஒன்றை நட்டுவைத்தார். கொல்லையில் செவந்தி ஒரு தொலைநோக்கி வைத்திருந்தாள்.

"ராத்திரி ஒரு மணி நேரம் அணைச்சாப் போதுங்கய்யா. ஒண்ணாத் தெரியிற நட்சத்திரம் இதுல ரெண்டாப் பிரியும். உங்க வெளிச்சத்துல சின்னது மறைஞ்சுடுது" என்று கேட்டாள்.

"விளக்கு எரியும்போதே ரெண்டைக் காட்டு. இல்லாட்டி இந்தக் குழாயை எடைக்குப் போட்டுருவேன்" என்றார் ராசகண்ணு. அன்று இருட்டியதும் மனைவியோடும் நாலு பேரோடும் வந்துவிட்டார்.

செவந்தி இருப்பதிலேயே பளிச்சென்ற ஜோடிக்குக் குழாயைத் திருப்பிவைத்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுதான்."

"கண்ணுல வெளிச்சம் அடிக்குதுங்கய்யா. தோள்ல கிடக்குற துண்டைத் தலையில போட்டு மூடிக்கிட்டுப் பாருங்க."

"தலையில துண்டு போட நான் என்ன தோத்தவனா?"

"சரிங்கய்யா. அப்ப ஜெயிச்சவங்க பார்க்கட்டும்."

தெய்வானை முந்தானையை முக்காடாக இழுத்து விட்டுக்கொண்டு குனிந்தார்.

"ரெண்டு இருக்கு. பெருசு மஞ்சள். பக்கத்துல சின்னது, நீலம். இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கு."

நிமிர்ந்தவர், கூட வந்திருந்த தெருவிளக்கு போடும் ஆளிடம் சொன்னார். "விளக்கை அணைங்க."

அவன் ராசகண்ணுவைப் பார்த்தான்.

"அங்க என்ன பாக்குறீங்க? தலைவர் இங்க நிக்கிறேன்."

விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் ராசகண்ணு துண்டை எங்கே போட்டுக்கொண்டார் என்று யாரும் பார்க்கவில்லை.