ஏணியைக் கழற்றிய மாலை

பழைய வேன் ஒன்றுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள் வண்டியம்மா. நாற்பதைத் தொடாத வயசு. மாலையானால் வேன் கூரையில் பாய் விரித்து உட்காருவாள். கேள்வி உள்ளவர்கள் பின்பக்க இரும்பு ஏணியில் ஏறிப் போய்க் கேட்பார்கள்.

அவளுடைய சிஷ்யை வள்ளிமயிலுக்கு ஐம்பத்தைந்து. கோவைப் பஞ்சாலைச் சங்கத்தில் இருந்து நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றவள். சங்கத்தை விட்டு வந்தாளே தவிர, வாயை விட்டு வரவில்லை. அவள் குருவை 'அம்மா' என்பாள். குரு அவளை 'அக்கா' என்பாள்.

கீழே நின்று, "மேலே ஏறித்தான் கேக்கோணும், ஒவ்வொருத்தரா வாங்க" என்று கூட்டத்தை ஒழுங்கு பண்ணுவது வள்ளிமயிலின் வேலை.

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தின் ஓரம் வேன் நின்ற மாலை, எல்லாரும் கேட்டுவிட்டுப் போன பிறகு, செல்லக்கனி வந்தாள். அவளுக்கு ஒரு கால் மடங்காது. கைகளால் உந்தி இரண்டு படி ஏறினாள். ஏணி அப்படியே ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. "ஆத்தீ!" என்று கம்பியைக் கட்டிக்கொண்டாள். வள்ளிமயில் இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"என்னங்க கேக்கோணும் உங்களுக்கு?"

"நாளைக்குக் காலையில ஒரு கல்யாணம். போகவா வேண்டாமான்னு கேக்கணும். அம்புட்டுதான்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அம்புட்டுக்கு எதுக்கு அழுகறீங்க?"

"எம் மருமவளுக்குக் கல்யாணம்மா. எம்மவன் செத்துப்போயி ரெண்டு வருசமாச்சு."

வள்ளிமயில் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

"அம்மா, ஏணி ஆடுது."

"முடுக்கி விடுங்கக்கா" என்று குரல் மட்டும் வந்தது.

ஸ்பேனர் எடுத்து வந்து முடுக்கினாள். போல்ட் முடுக்க முடுக்கச் சும்மா சுற்றியது. வேன் தகரத்தில் இருந்த ஓட்டை நாளாவட்டத்தில் தேய்ந்து அகன்று போயிருந்தது. ஸ்பேனரைத் தரையில் வீசினாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். இந்த ஏணி சரியானா இவங்க கால் மடங்கீருமா? கால் நல்லா இருக்கறவங்களுக்குத்தான் ஞானம்னா, ஓட்டப்பந்தயம் வெச்சுக் குடுத்துட்டுப் போயிரலாமே!"

மேலே பாய் சரசரத்தது.

செல்லக்கனி பதறிப்போனாள். "ஐயோ, அவுகள அப்படிப் பேசாதீக. நான் போயிருதேன்."

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்காகத்தானே கத்திட்டு இருக்கறேன்!"

கூரை விளிம்பில் வண்டியம்மாவின் முகம் தெரிந்தது.

"ஏணிக்கு என்ன செய்யணும்கா?"

"முடுக்குனா நிக்காது. கழட்டோணும். ஓட்டையில எம்-சீல் வெச்சு அடைச்சு, காஞ்சதுக்கு அப்புறம் மறுபடி துளை போட்டுப் பெரிய போல்ட்டாப் போடோணும்."

"கழட்டுங்க."

"நீங்க மேலே உக்காந்துட்டு இருந்தா எப்படிக் கழட்டறது?"

வண்டியம்மா பாயைச் சுருட்டினாள்.

"அப்ப இறங்கிடறேன். பிடிச்சுக்குங்க."

வள்ளிமயில் ஏணியை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தாள். வண்டியம்மா இறங்கி வந்து, ஏணியின் கனத்தைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாள். வள்ளிமயில் போல்ட்டுகளைக் கழற்றினாள். இருவருமாக ஏணியைத் தூக்கி, இரண்டு கற்களின் மேல் படுக்கப் போட்டார்கள். ஓட்டைகளை அடைத்து முடித்ததும் வண்டியம்மா கேட்டாள்.

"காய எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மணி நேரமாவது ஆகும்."

வண்டியம்மா ஏணியின் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். செல்லக்கனி தயங்கித் தயங்கி வந்து, மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மருமக பேரென்ன?"

"மரியசெல்வம். நல்ல பிள்ள. இங்கனயேதான் என்கூடக் கெடந்தா. அவ போயிட்டா, எம்மவன் சட்டையத் தொட்டுப் பாக்கக்கூட வீட்டுல ஆளு கெடையாது. அதான் வயிறு எரியுது. அவ நல்லா இருக்கணும்னும் இருக்கு, போகக் கூடாதுன்னும் இருக்கு. இந்த வயித்தெரிச்சலோட போயி நின்னா, அந்தப் பிள்ளைக்கு ஆகுமா?"

"கல்யாணத்துக்கு யார் கூப்பிட்டாங்க?"

"அவதான். நேத்து வந்து மடியில தலைய வச்சிட்டு, 'நீ வரலேன்னா நான் மேடையேற மாட்டேன்'னா."

"உங்களை என்னன்னு கூப்பிடுவா?"

"அம்மான்னுதான். வந்த நாள்லருந்து."

வண்டியம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மகளைக் கட்டிக் குடுக்கற எந்த அம்மாவுக்கு வயிறு எரியாம இருந்திருக்கு?"

செல்லக்கனி முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "பூ வாங்கணும். கடைய அடச்சிருவான்" என்று எழுந்தாள். உப்புக் குவியல்களுக்கு நடுவே அவள் விந்தி விந்தி வேகமாகப் போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வள்ளிமயில் அடைப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மறுபடி தடவினாள்.

"மேலே ஏறித்தான் கேக்கோணும்னு சட்டம் போட்டது யாருங்கம்மா?"

"நீங்கதான்கா. நான் காத்துக்காக ஏறினேன்."

வள்ளிமயிலுக்குச் சுருக்கென்றது. அதற்காக விட்டுவிடுகிறவளா அவள்?

"சரி, சட்டம் போட்டது என் தப்புன்னே வெச்சுக்குங்க. ஏற முடியாம எத்தனை பேரு திரும்பிப் போனாங்க? நீங்க மேலே இருந்து பாத்துட்டுத்தானே இருந்தீங்க? ஒரு நாளாவது ஏன் இறங்கி வரலை?"

வண்டியம்மா நகர்ந்து, அவளுக்கும் இடம் விட்டாள்.

"யாருமே என்கிட்ட சண்டை போடலையேக்கா."