குச்சியை உருவின மணியக்காரர்

மலைக்கு அந்தாண்ட, மழைக்கு இந்தாண்ட ஒரு ஊரு இருந்துச்சாம். வெயில் வந்தா வேலையைப் போட்டுட்டு எல்லாரும் வெளிய வந்து நின்னு பாப்பாங்களாம், அம்புட்டுக் குளிரு. அந்த ஊர்ல காராயி, காராயின்னு ஆடு மேய்க்கிற பொம்பளை ஒருத்தி. அவளுக்குச் செம்மறி ஆடு முப்பது, புருசன் ஒண்ணு. புருசன் பேரு கொப்பையன்.

காராயிக்குச் சின்ன வயசுலயே ஒரு பைத்தியம் பிடிச்சுக்கிச்சு. முள்ளுச்செடியில ஆட்டு ரோமம் ஒட்டிக்கிட்டு இருக்குமில்ல, அதைப் பிய்ச்சுத் தக்களியில திரிச்சு நூலாக்குவா. நூலாக்கி என்ன செய்யறது? கால் கட்டைவிரல்ல ஒரு சுருக்குப் போட்டா, அந்தச் சுருக்குக்குள்ள இன்னொரு சுருக்கை இழுத்தா, அதுக்குள்ள இன்னொண்ணை இழுத்தா. அட, இது நல்லாருக்கேன்னு ரெண்டு மூங்கில் குச்சியைச் சீவி எடுத்துக்கிட்டா. சொல்லிக்குடுக்க ஆளு கிடையாது, அந்த ஊர்ல அப்படி ஒரு வேலையே கிடையாது. தானாப் பின்னினா, தானா அவுத்தா, மறுபடி பின்னினா. முதல்ல குல்லா பின்னினா, அது பூசணிக்காய்க்குத்தான் சேந்துச்சு. அப்புறம் பை பின்னினா, போட்டதெல்லாம் கீழ விழுந்துச்சு. அப்புறம் கொப்பையனுக்குக் காலுறை பின்னினா, ஒண்ணு பாதத்தோட நின்னுபோச்சு, இன்னொண்ணு இடுப்பு வரைக்கும் வந்துச்சு.

"ஏண்டி, என்னைக் கொக்குன்னு நெனச்சியா? ஒத்தைக் கால்லயா நிக்கிறேன்?"

"பொறுங்க மாமா. கை பழகிக்கிட்டு இருக்கு."

கை நல்லாத்தான் பழகிச்சு. ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் பிடிபடலை. ஆரம்பிக்கத் தெரியும், வளக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. கடைசி வரிசைக் கண்ணி, அதான் அந்தச் சுருக்கு, எல்லாம் குச்சியிலதான் உக்காந்திருக்கும். குச்சியை உருவினா அத்தனை கண்ணியும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும், நூல் நுனியை இழுத்தா சரசரன்னு மொத்தமும் அவுந்துரும். குல்லா, பை, காலுறை எல்லாம் அப்படித்தான் அவுந்துபோச்சு. அதனால என்ன செஞ்சா, குச்சியை உருவவே இல்லை. ஒரே போர்வையை முப்பது வருசமாப் பின்னிக்கிட்டே இருந்தா. கடுக்காய்க் கருப்பு ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை, மருதாணிச் சிவப்பு ஒரு பட்டைன்னு அது மடிச்சு வெச்சா ஆடு உசரம் நிக்கும். அவளுக்கு அதுல குறையே இல்லை. கை ஓடிக்கிட்டு இருந்தா அவ மனசு ஒரு இடத்துல உக்காந்திருக்கும். கை நின்னா மனசு எழுந்து எங்கயாவது போயிரும், போன இடத்துல அழுதுக்கிட்டு நிக்கும். அப்படி ஒரு மனசு.

அந்த ஊரு ராசாவுக்கோ குளிரே ஆகாது. உக்காந்தா சிம்மாசனம் ஆடும், நின்னா கிரீடம் ஆடும், ஓலையில எழுதினா எழுத்தாணி அடுத்த ஓலைக்குத் தாவிரும். சிரிக்காதீங்க, பாவம். எட்டுப் பட்டு போத்தியும் நடுக்கம் நிக்கலை. "சீ-சீக்கிரமா எ-எனக்குச் சூடா ஒரு உடுப்பு வேணும்"னு அரண்மனைத் துணிமணிக்குப் பொறுப்பா இருந்த வீரபாகு மணியக்காரர்கிட்ட சொல்லிட்டாரு.

மணியக்காரர் ஊரெல்லாம் அலைஞ்சு, காராயி ஆட்டுப்பட்டிக்கு வந்து சேந்தாரு. போர்வையைத் தொட்டுப் பாத்தாரு. கை அதை விட்டு வரமாட்டேன்னுச்சு.

"ஆத்தா, இதை ஒரு நாளைக்குக் குடு. ராசாகிட்ட உன் பேரைச் சொல்லிக் காட்டிட்டுத் தந்துர்றேன்."

"இது இன்னும் முடியலைங்க ஐயா. கொண்டு போறதுன்னா போங்க, குச்சியை மட்டும் உருவிராதீங்க."

"சரி சரி."

"ஐயா, குச்சியை உருவிராதீங்க."

"சரிங்கறேன்ல!"

பாதி வழி வரைக்கும் பின்னாலயே ஓடி, "ஐயா, அந்தக் குச்சி..."ன்னா. அதுக்குள்ள பல்லக்கு திரும்பிருச்சு.

மணியக்காரர் பல்லக்குல உக்காந்த உடனே முதல் வேலையா என்ன செஞ்சாரு? அதேதான். 'இது என்ன விறகுக் குச்சியாட்டம், ராசா கழுத்துல குத்தாது?'ன்னு உருவித் தூர வீசிட்டாரு. ராசாகிட்ட போயி, "நாப்பது நாள் கண் முழிச்சு நானே என் கையால பின்னினேன் மகாராசா"ன்னாரு. ராசா உடம்பைச் சுத்திப் போத்திக்கிட்டாரு, நடுக்கம் நின்னுபோச்சு. பிறந்ததுல இருந்து முதல் தடவையா கிரீடம் ஆடாம நின்னுச்சு.

"என்ன வேணும் கேளு வீரபாகு!"

"இது அரண்மனை ரகசியமா இருக்கட்டும் மகாராசா. இனிமே நாட்டுல வேற எவனும் பின்னல் குச்சியைத் தொடக்கூடாது."

திருடினவனுக்குப் பயம், வேற யாராச்சும் அதே மாதிரி பின்னிக் காட்டிட்டா? ராசாவும் அப்படியே ஆணை போட்டுட்டாரு. மறுநாள் சேவகங்க வந்து காராயி வீட்டுல மிச்சம் இருந்த குச்சியெல்லாம் ஒடிச்சு அடுப்புல வெச்சுட்டுப் போயிட்டாங்க. போர்வை போனதுக்குக்கூட அவ அழலை. குச்சி எரியுறதைப் பாத்துத்தான் அழுதா.

கை சும்மா இருக்குமா? முதல் நாளு வேலியில கிடந்த புடலங்கொடி அஞ்சையும் சேத்துப் பின்னிட்டா. ரெண்டாம் நாளு பக்கத்து வீட்டு எருமை ரெண்டையும் வாலோட வால் சேத்துப் பின்னிட்டா. ஒரு எருமை கிழக்க போகணுங்குது, ஒண்ணு மேக்க போகணுங்குது. மூணாம் நாளு மத்தியானம் கொப்பையன் கயித்துக் கட்டில்ல அசந்து தூங்கினான். அவன் குடுமி கீழ தொங்குச்சு. கட்டில் கயிறும் தொங்குச்சு. பாவம், அவ கைக்குத் தெரியுமா எது எதுன்னு?

எந்திரிச்சான் கொப்பையன். முதுகோட கட்டிலும் எந்திரிச்சுச்சு.

"அடிப்பாவி! அவுத்து விடுடி!"

"வரமாட்டேங்குது மாமா. ஆசையா இறுக்கிப் பின்னிட்டேன். அறுத்துறவா?"

"குடுமியையா? எங்கப்பன் வெச்ச குடுமிடி இது! நட அரண்மனைக்கு. குச்சியைப் பிடுங்கினது ராசா, கட்டிலுக்கும் அவருதான் பதில் சொல்லணும்."

கட்டிலைச் சுமந்துக்கிட்டு ஆமையாட்டம் அவன் முன்னால போக, அவ பின்னால போக, சபை நடுவுல போயி நின்னாங்க.

"இது என்னய்யா, கட்டிலோட வந்திருக்க? இங்கயே தங்கப் போறியா?"ன்னாரு ராசா.

"மகாராசா, இவளுக்குக் குச்சி இல்லாட்டி நாட்டுல முடி வெச்சவன் எவனும் நிம்மதியாத் தூங்க முடியாது. குச்சியைக் குடுங்க, இல்லை கட்டிலை நீங்க வெச்சுக்கங்க, என்னையும் சேத்து."

காராயி அவன் பேசினது எதையும் கேக்கலை. அவ கண்ணு ராசா கழுத்துலயே இருந்துச்சு. தன் போர்வைதான், தன் மருதாணிச் சிவப்புதான். கடைசி வரிசைக் கண்ணியெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு, காதோரம் நூல் நுனி தொங்குது. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டுக் கத்தினா.

"ராசா! அசையாதீங்க! மூச்சைக்கூட மெதுவா விடுங்க! குச்சியை எவன் உருவினான்?"

ராசா சிலையாட்டம் நின்னுட்டாரு. "வீரபாகு, என்ன குச்சி?"

"ஆடு மேய்க்கிறவ உளறுறா மகாராசா. இதைப் பின்னினவன் நான்."

"பின்னினவருன்னா அந்த நூல் என்னதுன்னு சொல்லச் சொல்லுங்க ராசா"ன்னா காராயி.

"இதுவா? இது பிசிறு. இந்தா..."ன்னு மணியக்காரர் நுனியைப் பிடிச்சு இழுத்தாரு.

சர்ர்ர்ருன்னுச்சு. ஒரு வரிசை போச்சு. பதறிப்போயி இன்னும் கொஞ்சம் இழுத்தாரு, மூணு வரிசை போச்சு. சபையே எந்திரிச்சு நிக்குது. இனி இங்க நின்னா தலை போயிரும்னு எடுத்தாரு பாருங்க ஒரு ஓட்டம்! அவரு ஓடுறாரு, மோதிரத்துல நூல் மாட்டியிருக்கு. அவரு ஓட ஓட ராசா கிர்ர்ருன்னு பம்பரமாச் சுத்துறாரு. கழுத்து போச்சு, மாரு போச்சு, இடுப்பு போச்சு. மணியக்காரர் சந்தையைச் சுத்தி, குசவன் பானைக்கு நடுவுல பூந்து, கோயில் தேரை மூணு சுத்துச் சுத்தி, தன் நூல்லயே தான் சிக்கிப் பூவரச மரத்தோட ஒட்டிக்கிட்டாரு. சேவகங்க தேடவே வேண்டாம், நூலைப் பிடிச்சுக்கிட்டே போயிப் பிடிச்சுட்டாங்க.

சபையில ராசா வேட்டியோட நிக்கிறாரு. கிரீடம் கடகடன்னு ஆடுது. எல்லாரும் காராயியைப் பாத்தாங்க. முப்பது வருசத்து வேலை! காராயி தரையில உக்காந்து நூலைக் கையில எடுத்து, விரலுக்குள்ள ஓட்டிப் பாத்தா, ஓட்டிப் பாத்தா, ஓட்டிப் பாத்தா.

"ஒரு இடத்துலகூட அறுகலையே!"ன்னு அவ முகம் விளக்கு வெச்சாப்புல ஆயிருச்சு. "ராசா, மறுபடியும் முதல்ல இருந்து பின்னலாம்!"

பக்கத்துல நின்ன காவக்காரன் தூணியில இருந்து ரெண்டு அம்பை உருவினா, முனையை ஒடிச்சா, பின்ன ஆரம்பிச்சுட்டா. மந்திரி குதிச்சாரு. "மகாராசா, ஆணை! ஆணையை மீறுறா!"

"ஆ-ஆணையைத் தூ-தூக்கி அடுப்புல போடுய்யா"ன்னாரு ராசா. "அ-அவ பி-பின்னட்டும். நாட்டுல யாரு வே-வேணா பின்னட்டும். எனக்குக் கு-குளிருது!"

மணியக்காரருக்கு என்ன தண்டனை? எவ்வளவு தூரம் ஓடினாரோ அவ்வளவு தூரமும் நடந்து நூலை உருண்டையாச் சுத்திக்கிட்டு வரணும். சந்தையில கூட்டம் கூடிருச்சு. "மணியக்காரரே, கோழி காலுக்கு அடியில ஒரு சுத்து கிடக்கு பாருங்க. கோழியைத் தூக்காம எடுங்க, அடை காக்குது!" அதுக்கப்புறம் ஆயுசுக்கும் முள்ளுச்செடியில ரோமம் பொறுக்குறதுதான் அவரு உத்தியோகம்.

காராயி சபையிலயே உக்காந்து, மாசக் கணக்காப் பின்னிக்கிட்டே இருந்தா. ராசா பொறுத்துப் பொறுத்துப் பாத்தாரு. "அம்மா தாயி, இதுக்கு மேல வளந்தா என்னால நடக்க முடியாது, முடிச்சுரு"ன்னாரு. அவளும் யோசிச்சு யோசிச்சு, ஒரு கண்ணியைத் தூக்கிப் பக்கத்துக் கண்ணி மேல கவுத்தா. அது அடங்கி உக்காந்துச்சு. அடுத்ததையும் கவுத்தா, அதுவும் அடங்குச்சு. கடைசிக் கண்ணியில நூலை இழுத்து முடிச்சுட்டா. அம்பு ரெண்டும் வெறுமனே அவ கையில நின்னுச்சு. காராயிக்கு முகம் வாடிப்போச்சு.

"ஏம்மா, நல்லாத்தானே வந்திருக்கு?"

"முடிஞ்சுபோச்சே ராசா"ன்னா அவ. கொஞ்ச நேரம் கையைப் பாத்தா. அப்புறம் சபையைச் சுத்திப் பாத்து, "வேற யாருக்காச்சும் குளிருதா?"ன்னா.

மந்திரி தன் குடுமியைத் தொட்டுப் பாத்துக்கிட்டு, இன்னமும் கட்டிலோட நிக்கிற கொப்பையனைப் பாத்தாரு. அம்புட்டுத்தான். மந்திரிக்கு நடுக்கம் வந்துருச்சு, தளபதிக்கு நடுக்கம் வந்துருச்சு, அதுவரைக்கும் வேர்த்துக்கிட்டு நின்ன சமையக்காரனுக்குப் பல்லு கிட்டிச்சு. "எனக்கு முதல்ல தாயி! எனக்கு முதல்ல!"ன்னு சபை மொத்தமும் வரிசையில நின்னுச்சு.

அடுத்தவங்க உழைப்பை எடுத்துப் போத்திக்கிட்டா அப்படித்தான், நடுச்சபையில அவுந்துரும். கதை வந்த வழியே மலைக்குப் போயிருச்சு. நீங்களும் காலை மடக்கி, போர்வையை இழுத்துப் போத்திக்கங்க.