ஓடக்காரன் முடிக்காத பேச்சு

கடலே கண்ணில் படாத மலைக்கோட்டை அது. அங்கே ராஜாவுக்காகத் தெப்பக்குளத்தில் ஓடம் தள்ளிக்கொண்டிருந்தான் சேந்தன். கடற்கரையிலிருந்து அவனைக் கூட்டிவந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்குப் போகணும் என்று சபையில் அவன் கேட்டதும், மந்திரிகளுக்கே பேசக் கற்றுக்கொடுக்கும் வித்வான் நீலகண்டர் சிரித்தார்.

"இப்படி முனகினால் யாரப்பா இரங்குவார்? பேச்சுக்குத் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் வேண்டும். பேசியே மகாராஜாவை ஆசனத்தை விட்டு இறங்க வை, உன்னை விட்டுவிடுகிறோம். இல்லையென்றால் இனி ஊர்ப் பேச்சையே எடுக்கக் கூடாது."

ராஜாவும் தலையாட்டினார்.

சேந்தன் மெதுவாகத்தான் ஆரம்பித்தான். "படகு திரும்புற நேரம் எங்க ஊர்ப் பொம்பளைங்க முழங்கால் தண்ணியில நிப்பாங்க. முதல்ல பாய்தான் தெரியும். என் பாயில எம் பொஞ்சாதியோட கல்யாணச் சேலைத்துண்டு ஒட்டுப் போட்டிருக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்தப்புறம்தான் அவ உலை வைக்கப் போவா. நான் கிளம்பினப்ப அவளுக்கு நிறைமாசம். பொறந்தது..."

அதோடு நிறுத்திவிட்டான்.

ராஜா படியிறங்கி அவன் முன்னால் வந்து நின்றார். "ஆணா, பெண்ணா?"

"தெரியலைங்க மகாராஜா. போய்ப் பார்த்தாத்தான் மீதியைச் சொல்ல முடியும்."

"பேச்சுக்கு முடிவே இல்லையே" என்றார் வித்வான்.

"நான் நிற்கிற இடத்தைப் பாரும்" என்றார் ராஜா. பிறகு சேந்தனிடம், "பார்த்துவிட்டு வந்து சொல்" என்றார்.

போனவன் திரும்பி வரவில்லை. கோட்டை வாசலில் யார் வந்தாலும் ராஜாதான் முதல் ஆளாகப் படியிறங்கி எட்டிப் பார்க்கிறார்.